வீட்டுக்கு ஒராள்

ரீச்சர்,

இன்று காலை கட்டிலுக்குக் கீழே சுளகைத் தேடினேன். கைக்கு அகப்பட்டது ஓர் அட்டைப்பெட்டி. இழுத்துத் திறந்தவுடன் பெயின்ற் மணம் மூக்கில் அடித்தது. இத்தனை வருசம் மூடிக் கிடந்தும் போகாத மணம். உள்ளே சோடாப் போத்தல் மூடிகள். ஒவ்வொரு மூடியிலும் ஓர் இலக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசியிருந்தது. பதினேழோடு நின்றுபோயிருந்தது. பக்கத்தில் பனங்கொட்டையில் செய்த ஒரு பொம்மை. கறுத்த நூலில் மயிர் வைத்து, ஒரு கண் மட்டும் கீறியபடி.

வீட்டில் கிடக்கிற சாமானை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பொருட்கள் செய்யச் சொல்லி நீங்கள்தான் கேட்டிருந்தீர்கள். ஊரடங்குக் காலம். கடை இல்லை, கண்ணி இல்லை. என் பேத்தி தர்சினி தெருத்தெருவாக மூடி பொறுக்க முடியாமல், எங்கள் வீட்டுப் பழைய போத்தல்களையெல்லாம் கழற்றினாள். என் நல்லெண்ணெய்ப் போத்தல் நாலு மாதம் கடதாசி அடைத்துக்கொண்டு நின்றது.

"இது என்ன பிள்ளை?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. தலை முழுகிவிட்டு வாசலில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். "அதை எறியுங்கோ அம்மம்மா. கறையான் பிடிக்கும்" என்றாள்.

அதோடு அந்தக் கதை முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஓட்டம் வரும். நாலாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து ஆடும். பிழை பிடிக்க நீங்கள் இல்லை என்பது ஒரு வகையில் வசதிதான்.

உங்களை நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு தரம். கால் மணித்தியாலம் இருக்கும். அதற்கு முன்னே இரண்டு மாதம் போன் வகுப்பில் குரலை மட்டும் கேட்டேன்; நீங்கள் கமெரா போடுவதில்லை. அதற்குப் பிறகு கண்டது மூடிய சவப்பெட்டியை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குள் ஒருத்தி அனுப்பிய லிங்கைத் தர்சினி போனில் திறந்து காட்டினாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் பெட்டியை இறக்கினார்கள். பறை இல்லை, பந்தம் இல்லை, அழுகிற பெண்டுகள் இல்லை. வெளிநாட்டிலிருந்து உங்கள் தம்பி தேம்பியது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. சிக்னல் போய்விட்டது. நாலு வருசமாகிறது.

அந்த வருசத் தொடக்கத்தில் தர்சினி எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முன்பள்ளி ஆசிரியர் படிப்பு. உரும்பிராயில் ஒரு மண்டபத்தில் மூன்று கிழமை நேரே வந்து படித்தாள். காலையில் சைக்கிளில் போகும்போது பாடிக்கொண்டு போவாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்க்கு, அதுதான் என் மகளுக்கு, நாரி பிடித்து நிமிர முடியாது. எங்கள் ஊர் முன்பள்ளியில் இருந்த ரீச்சர் அடுத்த வருசம் வேலையை விட்டு நிற்கப்போகிறா என்று எல்லோருக்கும் தெரியும். படிப்பை முடித்துக் கடதாசி கையில் இருந்தால் அந்த இடம் தர்சினிக்குத்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. மண்டபத்தைப் பூட்டினார்கள். படிப்புப் போனுக்குள் வந்தது.

எங்கள் வளவில் கிணற்றடியில் மட்டும்தான் ஒழுங்காகச் சிக்னல் எடுக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, துலா நின்ற பழைய கல்லில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் இருப்பாள். முதல் கிழமை சட்டை மாற்றி, பொட்டு வைத்து, வகுப்புக்குப் போகிற மாதிரியே போய் இருந்தாள். இரண்டாம் கிழமை பொட்டு இல்லை. மூன்றாம் கிழமை கமெராவை மூடிவிட்டாள். பிறகு வகுப்பு நடக்க நடக்கப் பாசி படிந்த தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்னடி பிள்ளை, ரீச்சர் அங்கை கதைக்கிறா, நீ இஞ்சை தொட்டி தேய்க்கிறாய்?"

"ஆரோடை அம்மம்மா கதைக்கிறா? ஒருத்தரும் இல்லை. எல்லாம் கறுப்புக் கட்டம். பேர் மட்டும் கிடக்குது. செத்தவையின்ரை பேர் எழுதி வைச்ச மாதிரி."

"சும்மா அலம்பாதை."

"நான் படிக்கிறன் எண்டு அவவுக்கும் தெரியாது. அவ படிப்பிக்கிறா எண்டு எனக்கும் தெரியாது. முடிச்சென்ன, விட்டென்ன?"

அந்த நேரம் பார்த்து வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுக்கிற பருவம் வந்தது. ஊரடங்கில் கூலிக்கு ஆள் வராது. மகளால் குனிய முடியாது. என் முழங்கால் அப்போதே போய்விட்டது. தர்சினிதான் இறங்க வேண்டும். இறங்கினாள். எனக்குச் சந்தேகம், அவள் சந்தோசத்தோடுதான் இறங்கினாள். மண்ணோடு இருந்தால் கட்டத்தோடு இருக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. உங்கள் கரவெட்டியிலும் அதேதான் இருக்கும். கலியாண வீடோ, செத்தவீடோ, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோ, வீட்டுக்கு ஒராள் போனால் காணும். ஒராள் போய் முகம் காட்டினால் அந்த வீடே வந்த மாதிரி. ஒருத்தரும் போகாவிட்டால்தான் பகை. என் தமையனின் மகள் கலியாணத்துக்கு மேலை வீட்டிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டு வாசற்படலையை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் நிவாரண அரிசிக்கும் அப்படித்தான். வீட்டுக்கு ஒராள் வரிசையில் நின்றால் எல்லோருக்கும் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு நான் நின்றேன். வெயிலில் நின்று பழகிய ஆள் நான்.

அதனால் வகுப்புக்கும் வீட்டுக்கு ஒராள் இருந்தால் காணும் என்று என் புத்தி சொன்னது. அதைக் களவு என்று நான் நினைக்கவே இல்லை.

"நீ போய்க் கிண்டு. நான் இருக்கிறன்" என்றேன்.

"நீங்களோ? என்ன செய்வியள்?"

"உன்ரை பேர் கூப்பிட்டால் என்ன அமத்த வேணுமெண்டு காட்டு."

சிரித்துக்கொண்டு காட்டினாள். பெருவிரல் மாதிரி ஒரு படம். அதை அமத்தினால் 'ஓம், இருக்கிறன்' என்று பொருளாம். ஒலி வாங்கியை மூடி வைக்கிற இடத்தையும் காட்டினாள். அவ்வளவுதான் என் படிப்பு.

இரண்டு மாதம் நான் உங்கள் மாணவி, ரீச்சர். திங்கள், புதன், வெள்ளி. வெங்காயம் முடிய மிளகாய் வந்தது. தர்சினி தோட்டத்தில், நான் கதிரையில். வேலிக்கு அந்தப் பக்கம் பரிமளத்துக்குக் கண் நிற்காது.

"என்ன மாமி, சோதினை எடுக்கப் போறியளோ?"

"ஓமடி. உன்ரை மோன் மூண்டு தரம் எடுத்துப் போட்டு விட்டதை நானாவது எடுத்து முடிப்பம் எண்டு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. மற்றப் பாதியோடு எனக்குச் சண்டை. "அழுகிற பிள்ளையைப் பார்த்து அழாதை எண்டு சொல்லாதேங்கோ, பக்கத்திலை இருங்கோ, அது காணும்" என்றீர்கள். ஐந்து பிள்ளை பெற்றவள் நான். பக்கத்தில் இருந்தால் சோறு ஆர் வடிப்பது என்று கேட்க வாய் வந்தது. இன்னொரு நாள் சொன்னீர்கள்: "பிள்ளை வாசல்லை நிண்டால் கையிலை பிடிச்சு இழுக்காதேங்கோ. நீங்கள் உள்ளுக்கை இருந்து உங்கடை வேலையைச் செய்யுங்கோ. அது பாத்துக்கொண்டு நிக்கும். பிறகு வரும்." அன்றைக்கு நான் சண்டை பிடிக்கவில்லை. என்னை ஒருத்தரும் அப்படி உள்ளே விட்டதில்லை என்று நினைத்துக்கொண்டு பெருவிரலை அமத்தினேன்.

அதுதான் என் பிழையாகவும் வந்தது. நீங்கள் எதைக் கேட்டாலும் நான் பெருவிரலை அமத்தினேன். ஒரு புதன்கிழமை வகுப்பு முடிந்த கையோடு போன் அடித்தது. எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?"

"தர்சினியின்ரை அம்மம்மா."

"தர்சினி எங்கை?"

"உள்ளுக்கை. தலையிடி."

"ஆச்சி," என்றீர்கள். எனக்கும் உங்களுக்கும் பத்து வயது வித்தியாசம் இருந்தால் பெரிது. ஆச்சியாம். "நான் 'ஆருக்கு விளங்கேல்லை' எண்டு கேட்டன். தர்சினியின்ரை பெருவிரல் வந்தது. 'விளங்கேல்லையோ பிள்ளை' எண்டன். பெருவிரல். 'அப்ப விளங்கினதோ' எண்டன். அதுக்கும் பெருவிரல். எல்லாம் என்னண்டு சரி வரும்?"

"அவளுக்குப் பாதி விளங்கியிருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. நீங்கள் சிரிப்பை விழுங்கினீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

"போன வெள்ளிக்கிழமை மைக் திறந்து கிடந்தது ஆச்சி. ஒராள் 'சனியன், கொடியைத் தின்னாதை' எண்டு ஆடு கலைச்சது. அது தர்சினியின்ரை குரல் இல்லை."

"ஆடு கொடியைத் திண்டால் கலைக்கத்தானே வேணும்."

"எத்தினை நாளா நீங்கள் என்ரை வகுப்பிலை இருக்கிறியள்?"

பொய் சொல்ல வாய் உன்னியது. ஆனால் இரண்டு மாதம் ஒருத்தியின் குரலைக் கேட்டபிறகு அவளுக்குப் பொய் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "வெங்காயம் கிண்டத் துவங்கின நாளிலை இருந்து" என்றேன். "ஒரு நாளும் விடேல்லை. எங்கடை வீட்டாலை ஒராள் எப்பவும் இருந்தது."

"வீட்டுக்கு ஒராள் வந்து முகம் காட்ட இது செத்தவீடு இல்லை ஆச்சி."

அப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அடுத்த நாள் தர்சினிக்கு எழுதி அனுப்பினீர்கள், அந்த இரண்டு மாத வரவையும் வெட்டியாயிற்று என்று. மிச்ச வரவு காணாது. அப்படியே போனால் சோதனைக்கு இருக்க முடியாது.

அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, முடிஞ்சுது" என்றாள். அழவில்லை. ஒரு சுமையை இறக்கிய ஆள் மாதிரி அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கேட்டும் கேளாத மாதிரி இருந்தேன். எனக்கு உங்களில் கோபம் கொண்டாட வேண்டியிருந்தது.

வெட்டு என்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பது வயதில் புகையிலை நடுகைக்கு என்னை ஒரு மாதம் பள்ளிக்கூடத்தால் மறித்து வைத்தார்கள். திரும்பிப் போன அன்று வாத்தியார் வரவு இடாப்பை விரித்து வைத்திருந்தார். என் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு. "உன்ரை பேர் இல்லை, வீட்டை போ" என்றார். அவருடைய இடது கைச் சட்டையில் மை கசிந்திருந்தது. மேசையில் பாதி கடித்த கொய்யாப்பழம் கிடந்தது. எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. அவர் செத்தபோது எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. நான் விடவில்லை. கோடு போட்ட அந்த வாத்தியாரையும் உங்களையும் ஒரே பாயில் இருத்தி வைத்து ஏசிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஊரடங்கு தளர்த்திய ஒரு செவ்வாய்க்கிழமை. உச்சி வெயில். ஸ்கூட்டர் ஒன்று படலையடியில் நின்றது. "வீட்டுக்காறர்!" என்று கூப்பிட்ட குரலை, முகம் தெரிய முதலே அடையாளம் கண்டேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். தலைக்கவசத்தைக் கழற்றினீர்கள். நரைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. வரும் வழியில் வல்லைவெளிக் காற்றில் வந்த செம்மண் புழுதி சேலைக் கரையெல்லாம் இருந்தது. வகுப்பில் கேட்ட குரலுக்கு நான் மனதில் ஓர் உயரமான ஆளை வைத்திருந்தேன். நீங்கள் என் தோளுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

பகையாளி வந்தாலும் முதலில் "வாங்கோ" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிறகு ஏசலாம். அதுதான் முறை. நான் சொல்லவில்லை.

"கொரோனாக் காலம். அங்கையே நிண்டு கதையுங்கோ."

அன்று காலை வெங்காயம் பார்க்க வந்த வியாபாரியை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தவள்தான் நான்.

"ஓம் ஓம், அதுதான் நல்லது" என்று நீங்களே எனக்கு வழி விட்டீர்கள். "தர்சினி நிக்கிறாவோ?"

"தோட்டத்தை."

"ஒருக்காக் கூப்பிட ஏலுமோ?"

"தூரம்."

தூரமில்லை, ரீச்சர். ஒரு குரல் வைத்தால் கேட்கிற தூரம்.

நீங்கள் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "ஆச்சி, நான் வரவை வெட்டினது உண்மை. வெட்டாமல் விட்டிருந்தால் அவ ஒண்டும் தெரியாமல் சோதினையிலை நிண்டு முழிப்பா. தப்பித் தவறிப் பாஸ் பண்ணினாலும், நாளைக்கு இருபது பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு முழிப்பா. விட்டுப்போனதை நான் திரும்பச் சொல்லித் தாறன். வாற வெள்ளியிலை இருந்து பின்னேரம் நாலு மணிக்கு, அவவும் நானும் மட்டும். எட்டு வெள்ளிக்கிழமை ஒழுங்கா வரட்டும். வரவை நானே திருப்பிப் போடுறன். அவவுக்கு மறக்காமல் சொல்லுங்கோ."

"உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

கோபம் வரும் என்று நினைத்தேன். நீங்கள் யோசித்துத்தான் மறுமொழி சொன்னீர்கள். "முப்பத்தாறு பேரோடை துவங்கினனான். இப்ப பதினொரு பேர். மிச்சப்பேரின்ரை படலையளைத் தேடித் திரியிறதுதான் இப்ப வேலை. இண்டைக்கு இது நாலாவது." பிறகு, கேட்காமலே சொன்னீர்கள்: "கறுப்புக் கட்டங்களோடை கதைச்சுக் கதைச்சு எனக்கும் ஏலாமல்தான் போச்சு ஆச்சி. காலமை உங்கடை பெருவிரல் ஒண்டுதான் நான் கேட்டு வாய் மூட முதல் வாறது. ஆரோ ஒரு பிள்ளை ஆசையோடை இருக்குது எண்டு அதைப் பாத்துத்தான் நான் படிப்பிச்சனான். உள்ளதைச் சொன்னால், அது நீங்கள் எண்டு தெரிஞ்சபோது எனக்குக் கோவம் இல்லை. கவலை."

நீங்கள் அங்கால் திரும்பி, மாஸ்க்கைக் கீழே இழுத்து, கொண்டுவந்த போத்தலில் இருந்து தண்ணி குடித்தீர்கள். வெயிலில் கிடந்து சுட்ட தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். பத்து அடியில் கிணறு. வெயிலுக்குள் நின்று சுடுதண்ணி குடித்துவிட்டு, "வாறன் ஆச்சி" என்று சொல்லிப் போனீர்கள்.

நான் தர்சினிக்குச் சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை. அன்று சொல்லவில்லை, அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாள் உங்கள் 'செத்தவீடு இல்லை' திரும்பக் காதில் கேட்டது, வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்தது. நாலு மணிக்கு, மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாற வேண்டும் என்று அவளை நானே அனுப்பினேன். மோட்டர் இரைந்துகொண்டிருக்க அவள் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை, குசினி வாசலில் நின்று கண்டேன். ஏதோ படம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போகவில்லை. அந்த லிங்க் வந்தது. மூடிய பெட்டி.

அன்றிலிருந்து, ரீச்சர், ஊருக்கு ஒரு கதையும் எனக்கு ஒரு கதையும் வைத்திருந்தேன். ஊருக்கு, "கொரோனாதான் பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்தது." எனக்கு, நான்தான். உங்கள் இடத்துக்கு வேறு ஒருத்தர் வந்து படிப்பித்தார். பதினொரு பேரில் ஒன்பது பேர் முடித்தார்கள். எங்கள் ஊர் முன்பள்ளி இடம் அந்த ஒன்பதில் ஒருத்திக்குப் போனது. பிறத்தி ஊர்ப் பிள்ளை, பஸ்ஸில் வந்து போகிறாள். நல்ல பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அவளையும் பிடிக்காது. தர்சினி யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். நாள் முழுக்க நின்று, வீங்கின காலோடு வருவாள். சுடுதண்ணி வைத்துக் கொடுப்பேன். காலை அதற்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வாய் வரும். ஒவ்வொரு நாளும் விழுங்குவேன். அந்தக் கால் வீக்கம் என்னால் வந்தது என்று நாலு வருசம் நினைத்திருந்தேன்.

இன்று அந்தப் பெட்டியை எறியச் சொன்னாளே. விழுங்கி விழுங்கி எனக்குக் களைத்துவிட்டது.

"பிள்ளை, அண்டைக்கு ரீச்சர் இஞ்சை வந்தவ."

தலை துவட்டின கை நின்றது.

"படலையடியிலை நிண்டவ. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உன்னை வரச் சொன்னவ, விட்டதெல்லாம் படிப்பிக்கிறன் எண்டு. நான் உனக்குச் சொல்லேல்லை. வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

கத்துவாள் என்று நின்றேன். கத்த வேண்டும் என்றே விரும்பினேன். அவள் துவாயை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியும் அம்மம்மா."

"என்ன தெரியும்?"

"ரீச்சர் எனக்கும் எழுதினவ. 'அம்மம்மாட்டையும் சொல்லிப்போட்டு வந்தனான்' எண்டு. நாள், மணி எல்லாம் போட்டு."

எனக்கு இருக்க இடம் தேவைப்பட்டது. கட்டிலில் இருந்தேன். "அப்ப ஏனடி போகேல்லை?"

"தெரியாது."

"என்ன தெரியாது? என்னிலை கோவமோ? ரீச்சரிலையோ?"

"ஒருத்தரிலையும் இல்லை. பயமும் இல்லை. லிங்கைப் பாத்துக்கொண்டு கிணத்துக் கட்டிலை இருந்தனான். அமத்தினால் சரி. கை போகேல்லை. அவ்வளவுதான் அம்மம்மா. அந்த நேரம் எனக்கு ஒண்டுக்கும் கை போகேல்லை. உந்தப் பொம்மைக்கு மற்றக் கண் கீறவும் போகேல்லை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கிணத்தடியிலை இருந்திருப்பியள்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நீளவில்லை. அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஈரத் தலை என் தோளில் பட்டது. கேட்காமலே சொன்னாள், மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி.

"நாலு மணிக்கு 'நான் இருக்கிறன்' எண்டு போட்டவ. நாலரைக்கு 'அவசரமில்லை, ஆறுதலா வாரும்' எண்டு. அஞ்சு மணிக்கு ஒண்டும் போடேல்லை. அஞ்சரைக்கு 'சரி பிள்ளை, களைச்சுப் போயிருப்பீர், போய் ஆறும்' எண்டு."

"அதோடை விட்டவவோ?"

"இல்லை. அடுத்த வெள்ளியும் இருந்தவ. அண்டைக்கும் அஞ்சரை மட்டும். அதுக்கு அடுத்த வெள்ளி, 'எனக்குக் காய்ச்சல், வாற கிழமை பாப்பம்' எண்டு போட்டவ."

பிறகு எழும்பிப் போய்த் தாய்க்குத் தேத்தண்ணி வைத்தாள்.

நான் அப்படியே இருந்தேன், ரீச்சர். நாலு வருசம் சுமந்த குற்றம், நான் சுமக்கத் தேவையில்லாத ஒன்றாகப் போய்விட்டது. சந்தோசப்பட வேண்டியவள் நான். எனக்கு அது வரவில்லை. நான் சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். நான் சொல்லாமல் விட்டதால் அவள் போகாமலும் இல்லை. வரவை நீங்கள் வெட்டியதால் அவள் நின்றாள் என்றும் சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முந்தியே தொட்டி தேய்க்கத் தொடங்கிவிட்டாள். கொரோனாவை ஏசலாம். அதற்குக் காது இல்லை.

என் வாழ்நாளில் என்னிடம் ஒரு கோபம் இல்லாத நாள் இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தது. இடாப்பை வெட்டிய வாத்தியார், கலியாணத்துக்கு வராத மேலை வீடு, பிறகு நீங்கள். ஆள் செத்தாலும் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியும். உங்கள் மேல் வைத்திருந்ததை இன்று மத்தியானம் தேடிப் பார்த்தேன். இருந்த இடம் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக இதைத் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கரவெட்டியில் உங்கள் வீட்டில், எந்த அறை என்று எனக்குத் தெரியாது, மேசை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றும் தெரியாது, ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து அஞ்சரை மணிவரை நீங்கள் தனியே இருக்கிறீர்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. ஒருத்தரும் வரவில்லை. நீங்கள் எழும்பவில்லை.

அதை யார் தலையில் போடுவது என்று தெரியவில்லை, ரீச்சர். நானே வைத்திருக்கிறேன்.